உள்ளங்காலை யார் பார்ப்பது?

மரு, கால் ஆணி, இனிப்பு நீர் புண், இடித்துக் கன்றிய நகம். இவற்றின் சாயலில் வரும் தோல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே பிடிப்பது எப்படி?

தீபாவளி நெருங்கும் மாதங்களில் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் நடக்கவே இடமிருக்காது. துணிக்கடைக்கும் பலகாரக் கடைக்கும் இணையாக அழகு நிலையங்களிலும் கூட்டம். புருவம் திருத்த வந்தவரும் ஃபேஷியல் செய்ய வந்தவரும் போகிற போக்கில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அப்படியே இந்த மருவையும் எடுத்துடுறீங்களா?" மின்சூட்டில் கருக்கினால் சில நொடி வேலை. கருகிய இடம் பொருக்குத் தட்டி, சில நாளில் உதிர்ந்துவிடும். கல்யாண வீட்டுப் படத்தில் முகம் பளிச்சென்று விழும்.

அப்படி எடுக்கப்படுபவற்றில் மிகப் பெரும்பாலானவை தீங்கில்லாதவைதான். நடுவயதை எட்டும் நம்மவர்களின் கன்னத்திலும் கழுத்திலும் மிளகைத் தூவிவிட்டதுபோல் சிறு கரும்பொட்டுகள் வருமே, அவை கருந்தோல்காரர்களிடம் அதிகம் காணப்படும் ஒருவகை மரு. 1925இல் அதைத் தனியே இனம்பிரித்து எழுதியவர் இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி. அதற்கு முன் பல ஆண்டுகள் கொழும்பில் பணியாற்றி, நம்மைப் போன்றவர்களின் தோலை அருகிலிருந்து பார்த்தவர் அவர். அந்த மரு புற்றாக மாறுவதில்லை. வயதானவர்களின் நெற்றியோரத்திலும் முதுகிலும், தோலுக்கு மேல் ஒட்டவைத்த மாதிரி சொரசொரப்பாக எழும்பி நிற்கும் முதுமை மருவும் அப்படித்தான். செபோரிக் கெரடோசிஸ் என்பது அதன் மருத்துவப் பெயர். பார்க்கக் கரடுமுரடாக இருந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை.

மிச்சமுள்ள சிலவற்றில்தான் சிக்கல். இதுவும் முதுமை மருவாக இருக்கலாம் என்ற குறிப்போடு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்ட 9,204 தோல் மாதிரிகளை அமெரிக்க மருத்துவர்கள் திரும்ப எடுத்து ஆராய்ந்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 61 மாதிரிகள் மெலனோமா. தோல் புற்றுகளிலேயே உயிருக்கு மிகவும் ஆபத்தானது அது. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லைதான். ஆனால் அந்த 61 பேருக்கும் உண்மை தெரியவந்ததற்கு ஒரே காரணம், எடுத்த சதையைக் குப்பையில் போடாமல் நுண்ணோக்கிக்கு அனுப்பியது. கருக்கிவிட்டால் அனுப்புவதற்கு எதுவும் மிஞ்சாது. புற்றின் மேல்பகுதி போய்விடும், அடிப்பகுதி உள்ளேயே தங்கிவிடும். மேலே தோல் மூடி ஆறிவிட்டதால் யாரும் மறுபடி திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள்.

நமக்கு வராது என்ற நினைப்பு

"தோல் புற்றுநோயெல்லாம் வெள்ளைக்காரனுக்கு வர்றது. கறுத்த தோலுக்கு அது வராது." கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தத் தமிழ் வீட்டிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். இதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதிதான் ஆளை ஏமாற்றுகிறது.

பக்கத்திலுள்ள சிங்கப்பூரின் புற்றுநோய்ப் பதிவேடு 1968 முதல் 2006 வரை திரட்டிய கணக்கில், சீனர்களிடம் தோல் புற்றுநோய் மலாய்க்காரர்களையும் இந்தியர்களையும்விட ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒரே வெயில், ஒரே ஊர், வெவ்வேறு தோல். கருந்தோலின் நிறமியான மெலனின் சூரியனின் புறஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. தோட்டப்புறத்தில் காலமெல்லாம் பால்மரம் வெட்டிய பாட்டனுக்கும், ரயில்பாதையில் வெயிலில் நின்ற தாத்தாவுக்கும் அந்த மெலனின் ஒரு கவசமாகவே இருந்தது.

ஆனால் உள்ளங்காலில் வெயில் படுவதில்லை. நகத்துக்கு அடியிலும் படுவதில்லை. கருந்தோல்காரர்களுக்கு மெலனோமா வரும்போது அது அடிக்கடி தேர்ந்தெடுக்கும் இடங்கள் இவைதான்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. ஏக்ரல் மெலனோமா என்று இதற்குப் பெயர். 1986 முதல் 2005 வரை அமெரிக்காவில் எடுத்த கணக்கில், இந்த வகை 10 லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 1.8 பேரைத் தாக்கியது. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. மற்ற மெலனோமாக்கள் வெள்ளையரிடம் குவிந்து கிடப்பதால் அவர்களிடம் இது 1 விழுக்காடுதான், கறுப்பினத்தவரிடமோ வருகிற மெலனோமாக்களில் 36 விழுக்காடு இதுவே. நிறம் இந்த ஒரு வகைக்குக் காவல் நிற்பதில்லை.

காரணம் என்னவென்பது இன்னும் முடிவாகவில்லை. பாதத்தில் உடல் எடை அழுந்தும் இடங்களில், குறிப்பாகக் குதிகாலிலும் முன்பாதத்திலும், இது கூடுதலாக வருவதை ஜப்பானிய மருத்துவர்கள் 2016இல் எடுத்துக்காட்டினார்கள். ஓயாத அழுத்தமும் உராய்வும் ஒரு பங்கு வகிக்கலாம் என்பது அவர்கள் கருத்து. சன்ஸ்கிரீன் பூசித் தடுக்கக்கூடிய நோய் இல்லை இது. முன்கூட்டியே கண்டுபிடிப்பது ஒன்றுதான் கையில் உள்ள வழி.

பாப் மார்லியின் கால்விரல்

உலகம் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லிக்குப் பந்து விளையாட்டென்றால் உயிர். 1977இல் அவருடைய கால் பெருவிரல் நகத்தடியில் ஆறாமல் கிடந்த புண்ணைப் பந்தாட்டத்தில் பட்ட அடி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சோதித்தபோது மெலனோமா. விரலை எடுத்துவிடச் சொன்னார்கள். அவர் மறுத்தார். நகத்தையும் அதன் படுகையையும் மட்டும் நீக்கி, தோல் ஒட்டு வைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1980 செப்டம்பரில், நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஓடிக்கொண்டிருந்தவர் நிலைகுலைந்து விழுந்தார். அதற்குள் நோய் உடல் முழுக்கப் பரவியிருந்தது. 1981 மே 11ஆம் தேதி மயாமியில் இறந்தபோது அவருக்கு வயது 36.

மார்லியின் கதையில் விரலை எடுக்க மறுத்ததைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். அதற்கு முந்திய கட்டம்தான் நம் கவனத்துக்கு உரியது. ஒரு நோய், 'அடிபட்ட நகம்' என்ற நம்பத்தகுந்த விளக்கத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. விளக்கம் கையில் இருந்ததால் யாரும் வேறு காரணம் தேடவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு விளக்கம் எப்போதும் தயாராக இருக்கிறது. அதன் பெயர் இனிப்பு நீர்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. 2023இல் அது 15.6. இந்தியர்களிடையே விகிதம் மற்ற இனத்தாரைவிடக் கூடுதல். காலில் புண் வந்து ஆறவில்லை என்றால் நம் வீடுகளில் இரண்டாவது யோசனையே கிடையாது: "சீனி கூடியிருக்கு, அதான் ஆறல." பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். கட்டு மாற்றுவார்கள், ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள், காலணி மாற்றச் சொல்வார்கள். மாதங்கள் ஓடும். அந்தப் புண்ணின் ஓரத்தில் மை கசிந்த மாதிரி ஒரு கறுப்பு படர்ந்திருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் தோன்றாது. நீரிழிவுப் புண் என்று மருந்து கட்டி, பிறகு மெலனோமா என்று தெரியவந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எத்தனையோ அறிக்கைகள் வந்திருக்கின்றன.

அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2003இல் இப்படி ஏமாந்த சந்தர்ப்பங்களைத் தொகுத்தார்கள். மெலனோமா எந்தெந்தப் பெயரில் சிகிச்சை பெற்றிருந்தது தெரியுமா? மரு, கால் ஆணி, பூஞ்சைத் தொற்று, கொப்புளம், ஆறாத புண், உள்ளே புகுந்து வளர்ந்த நகம், நகத்தடி இரத்தக்கட்டு. நம் வீட்டில் ஒவ்வொருவருக்கும் இதில் ஏதாவது ஒன்று ஒருமுறையாவது வந்திருக்கும். இன்னொரு தொல்லை, எல்லா மெலனோமாவும் கறுப்பாக இருப்பதில்லை. நிறமே இல்லாமல், சிவந்த சதைக் கட்டியாய், தொட்டால் இரத்தம் வரும்படி வளர்வதும் உண்டு.

மச்சத்தைச் சோதிக்கச் சொல்லித்தரும் வழக்கமான பாடம், 1985இல் நியூயார்க் மருத்துவர்கள் வகுத்தது: இரு பாதியும் ஒத்துப்போகாத வடிவம், ஒழுங்கற்ற ஓரம், பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலம். மாறிக்கொண்டே இருப்பது என்ற ஐந்தாவது அடையாளம் 2004இல் சேர்ந்தது. நல்ல பாடம். ஆனால் வெள்ளைத் தோலின் முதுகையும் காலையும் மனத்தில் வைத்து எழுதியது. பாதத்துக்கென்றே பிரிட்டனில் பிரிஸ்டோ, டி பெர்க்கர் இருவரும் 2010இல் தனி வழிகாட்டி எழுதினார்கள், அது நமக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். புண்ணிலோ கட்டியிலோ ஏதாவது ஒரு பகுதி நிறம் மாறியிருக்கிறதா? இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லையா? இரத்தமோ நீரோ கசிகிறதா? சிகிச்சைக்குப் பிறகும் பெரிதாகிறதா? இரண்டு மாதம் தாண்டியும் ஆறவில்லையா? இரண்டு கேள்விக்கு ஆமாம் என்றால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டி.

அரசாங்க கிளினிக்கில் நீரிழிவு அட்டை வைத்திருப்பவர்களுக்குப் பாதச் சோதனை செய்கிறார்கள். நைலான் இழையால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், நாடித் துடிப்பைப் பார்ப்பார்கள். அதே நேரத்தில் விரல் இடுக்கையும் குதிகாலையும் நிறத்துக்காக ஒருமுறை பார்த்துவிட்டால் கூடுதலாக ஒரு நிமிடம்கூட ஆகாது. நோயாளியே கேட்கலாம்: "டாக்டர், இந்தக் கறுப்பு என்னன்னு கொஞ்சம் பாருங்க."

நகத்திலும் ரேகையிலும் தெரிவது

இடித்துக் கன்றிய நகத்தையும் புற்றையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்க முடியும். கால் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் வளர்கிறது. அடியில் கட்டிய இரத்தம் நகத்தோடு ஒட்டிக்கொண்டு முன்னோக்கி நகரும். ஆகவே இன்று கைப்பேசியில் ஒரு படம், ஆறு வாரம் கழித்து அதே கோணத்தில் இன்னொரு படம். நகத்தின் அடிவேரில் புதிதாகத் தெளிவான நகம் முளைத்து, கறுப்பு முன்னே தள்ளப்பட்டிருந்தால் அது இரத்தக்கட்டு. கறுப்பு இருந்த இடத்திலேயே நின்றால், அல்லது அகலமானால், மருத்துவரிடம் போக வேண்டும்.

நகத்தில் நீளவாக்கில் கருங்கோடு இருப்பது நம்மவர்களிடம் சாதாரணம். பல விரல்களில் மெல்லிய கோடுகள் பல ஆண்டுகளாக மாறாமல் இருந்தால் அது பெரும்பாலும் தோலின் இயல்பு. ஒரே ஒரு விரலில், அதுவும் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ புதிதாக வந்து, அகன்றுகொண்டே போகும் கோடுதான் சந்தேகத்துக்கு உரியது. அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டி நகக்கண் தோலிலும் படர்ந்தால் தாமதிக்கவே கூடாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் மருத்துவர் ஜோனாதன் ஹட்சின்சன் கவனித்துச் சொன்ன அடையாளம் இது. இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது.

உள்ளங்காலில் உள்ள கரும்புள்ளியை மருத்துவர் எப்படிப் பார்க்கிறார்? டெர்மாஸ்கோப் என்று கைக்கு அடக்கமான ஒரு கருவி. உருப்பெருக்கும் கண்ணாடியும் விளக்கும் சேர்ந்தது, சுமார் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும். விரல்ரேகை போலவே பாதத்திலும் மேடும் பள்ளமுமாக ரேகைகள் ஓடுகின்றன. மேட்டின் முதுகில் வரிசையாக வெண்புள்ளிகள் தெரியும், அவை வியர்வைத் துளைகள். சாதாரண மச்சத்தில் நிறம் பள்ளத்தில் கோடாக இறங்கியிருக்கும். மெலனோமாவில் நிறம் மேட்டின் மேல் பட்டையாகப் படிந்திருக்கும். எது மேடு, எது பள்ளம் என்று குழப்பமாக இருந்தால் மருத்துவர் பேனா மையைத் தடவித் துடைப்பார். மை பள்ளத்தில் தங்கிவிடும், மச்சத்தின் நிறம் மையோடு சேர்ந்து ஓடுகிறதா, விலகி ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். தோஷியாக்கி சைதாவும் அவருடைய ஜப்பானியக் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், மேட்டில் நிறம் படியும் இந்த அடையாளம் மெலனோமாக்களில் 86 விழுக்காட்டைப் பிடித்தது. தீங்கில்லாத மச்சங்களைத் தவறாகச் சந்தேகித்தது நூற்றுக்கு ஒன்றுதான். ஊசி இல்லை, கத்தி இல்லை, வலி இல்லை. காலை நீட்டினால் போதும்.

இவ்வளவு எளிய சோதனை இருந்தும் பலர் கடைசிக் கட்டத்தில் வருகிறார்கள் என்றால், கருவி இல்லாதது காரணமில்லை. காலைக் காட்டுவது யாருக்கும் தோன்றாததுதான் காரணம்.

மூக்கின் மேல் முத்து

முகத்தில் வருவது வேறு இனம். தோலின் அடியடுக்கு செல்களிலிருந்து கிளம்பும் பேசல் செல் புற்று, வெயில் படும் மூக்கு, கண்ணிமை, கன்னம் ஆகியவற்றில் வரும். 1827இல் டப்ளின் மருத்துவர் ஆர்தர் ஜேக்கப் முதலில் விவரித்தார். மெதுவாக வளரும், வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் விட்டுவைத்தால் மூக்கின் குருத்தெலும்பையும் இமையையும் அரித்துவிடும். வெள்ளைத் தோலில் இது பளபளக்கும் இளஞ்சிவப்பு முத்தாகத் தெரியும். நம் தோலில் பாதிக்கு மேற்பட்டவை கறுப்பாகவே வரும், அதனால் மச்சம் என்றோ முதுமை மரு என்றோ பார்த்தவுடன் முடிவு செய்துவிடுவார்கள்.

பிரித்தறிய உதவும் சில குறிப்புகள்: ஐம்பதுக்கு மேல் முகத்தில் புதிதாக வந்த 'மச்சம்'. ஓரம் லேசாகச் சுருட்டிக்கொண்டு மினுங்குவது. நடுவில் குழிவது. முக்கியமாக, பொருக்குத் தட்டி, உதிர்ந்து, இரத்தம் கசிந்து, ஆறுகிற மாதிரி ஆறி மறுபடி அதே இடத்தில் தொடங்குவது. நடிகர் ஹ்யூ ஜாக்மன் 2013இல் மூக்கில் கட்டோடு தன் படத்தை வெளியிட்டு, மூக்கிலிருந்த அடையாளத்தைக் காட்டிப் பார்க்கச் சொன்னது மனைவிதான் என்றார். பேசல் செல் புற்று. எடுத்தார்கள், பிறகும் சில முறை வந்தது, மறுபடி எடுத்தார்கள். வழக்கமான நடிப்பு வாழ்க்கை தொடர்கிறது. ஆரம்பத்தில் பிடித்தால் இந்தப் புற்று இப்படித்தான் முடியும்.

மூன்றாவது வகை, செதிள் செல் புற்று. கருந்தோலில் இது வெயிலைவிடப் பழைய தழும்பையும் ஆறாத புண்ணையும் நாடுகிறது. காஷ்மீரில் குளிருக்கு நெருப்புச் சட்டியை உடையின் உள்ளே வைத்துக்கொள்வார்கள், காங்கிரி என்று பெயர். அதன் சூடு ஆண்டுக்கணக்கில் பட்ட வயிற்றிலும் தொடையிலும் புற்று வருவதை 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி 2024இல் வந்தது. மகாராஷ்டிர மாநிலம் வர்தாவையும் பீகாரையும் சேர்ந்த மருத்துவர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் குழுமத்தின் வெளியீடு ஒன்றில் இரண்டு மூதாட்டிகளைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு வயது 70. சேலைக்குள் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் இடத்தில், இடுப்பின் வலப்பக்கம், 18 மாதமாக ஆறாத புண். இன்னொருவர் அறுபதுகளின் இறுதியில் இருந்தவர், பாவாடையில்லாமல் சேலையையே இடுப்பில் இறுக்கிக் கட்டும் வழக்கமுடையவர், அவருக்கு இரண்டு ஆண்டாகப் புண். இருவருக்கும் செதிள் செல் புற்று. இரண்டாமவருக்கு அது தொடையிடுக்கு நெறிக்கட்டிக்கும் போயிருந்தது. இடுப்பில் நாடா அழுந்திக் கறுத்த கோடு இல்லாத பாட்டி யார் இருக்கிறார்? கறுத்த கோடு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். நாடாவைத் தளர்த்தி அகலப் பட்டையாக மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கோட்டில் புண் வந்து ஆறாமல் நின்றால்தான் காட்ட வேண்டும்.

இதே புற்றின் முதல் கட்டம், மேல்தோலைத் தாண்டாத நிலையில், படர்தாமரை போலவோ எக்சிமா போலவோ செதில் உதிரும் ஒரு சிவந்த பட்டையாக இருக்கும். 1912இல் ஜான் போவன் விவரித்ததால் போவன் நோய் என்று பெயர். ஒரே இடத்தில், ஒரே ஒரு பட்டை, பூஞ்சைக் களிம்புக்கும் கேட்கவில்லை, ஸ்டெராய்டு களிம்புக்கும் கேட்கவில்லை என்றால் அடுத்த டியூபை வாங்க மருந்துக்கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போவது நல்லது.

அம்மான் பச்சரிசியும் குதிரை முடியும்

மருவுக்கு நம்மிடம் கைவைத்தியம் ஏராளம். அம்மான் பச்சரிசிப் பாலைத் தடவுவது, குதிரை முடியால் சுருக்கிட்டுக் கட்டுவது, சுண்ணாம்பு வைப்பது, கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கொள்வது. பெரியவர்கள் மூடநம்பிக்கையில் செய்தார்கள் என்று தள்ளிவிட முடியாது. வைரசால் வரும் சாதாரண மரு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு வருவது, இரண்டொரு ஆண்டில் தானாகவே உதிர்ந்துவிடும். எந்த வைத்தியம் செய்திருந்தாலும் அதற்குப் பலன் கிடைத்த மாதிரிதான் தெரியும். இடையில் கெடுதல் எதுவும் நேரவில்லை.

கெடுதல் எங்கே நேரும் என்றால், அது மருவே இல்லாதபோது. அம்மான் பச்சரிசியின் நெருங்கிய உறவான இன்னொரு பால்செடியிலிருந்து எடுத்த பொருளை வைத்து, புற்றுக்கு முந்திய வெயில் தடிப்புகளுக்கு ஒரு களிம்பு தயாரித்தார்கள். அமெரிக்காவில் 2012இல் அனுமதி கிடைத்தது. பூசிய இடத்தில் செதிள் செல் புற்று கூடுதலாக வரக்கூடும் என்ற ஐயம் எழுந்ததால் 2020இல் ஐரோப்பியச் சந்தையிலிருந்து அது நீக்கப்பட்டது. ஆய்வகத்தில் அளந்து, சோதித்து, அனுமதி வாங்கிய மருந்துக்கே இந்தக் கதி. கொல்லையில் கிள்ளிய பாலையும், லேபிளில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் இணையத்தில் விற்கும் 'மச்சம் நீக்கும் திரவ'த்தையும் பெயர் தெரியாத ஒரு கட்டியின் மேல் தடவுவது எவ்வளவு துணிச்சல்!

அழகு நிலையங்களைக் குறை சொல்வது இங்கே நோக்கமில்லை. ஆனால் மலேசியாவில் லேசர் போன்ற அழகியல் சிகிச்சையைச் செய்ய உரிமை பெற்றவர்கள் அதற்கென்று சுகாதார அமைச்சின் சான்றுபெற்ற பதிவுபெற்ற மருத்துவர்கள் மட்டுமே. சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. மருத்துவரே எடுத்தாலும், கருப்பாக உள்ள எதையும் நேரே கருக்காமல் முதலில் டெர்மாஸ்கோப்பில் பார்த்துவிட்டு எடுக்கச் சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு.

கைப்பேசியில் படமெடுத்தால் புற்றா இல்லையா என்று சொல்லும் செயலிகளை நம்பியும் சிலர் இருக்கிறார்கள். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் ரோக்ஸானா தானேஷ்ஜூ குழுவினர் 2022இல் 656 படங்களை வைத்து இத்தகைய நிரல்களைச் சோதித்தார்கள். கருந்தோல் படங்களில் அவை தடுமாறின. வெண்தோல் படங்களைப் பார்த்தே பழகியவை அவை. செயலி 'பாதுகாப்பு' என்று பச்சை விளக்குக் காட்டினால், அது நம் தோலுக்குச் சொன்ன பதில்தானா என்பது சந்தேகமே.

கத்தி பட்டால் பரவுமா?

பயாப்சி என்றதும் எழுந்து போய்விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "கத்தி பட்டா புத்து பரவிடும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பகுதியாக வெட்டிச் சோதித்ததால் மெலனோமா நோயாளிகளின் ஆயுள் குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. சிறியதாக இருந்தால் மருத்துவர் முழுவதையும் சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் நல்ல தோலோடு எடுத்துவிடுவார். பெரியதென்றால் மிகச் சந்தேகமான இடத்திலிருந்து ஒரு துண்டு. மரத்துப்போக ஊசி, சில தையல், அன்றே வீடு. பாத்திரத்தில் போட்டு ஃபார்மலின் ஊற்றி, பெயர் எழுதி, பெத்தாலஜி ஆய்வுக்கூடத்துக்குப் போகும்.

அங்கே அளப்பது ஆழத்தை. 1970இல் அமெரிக்க நோயியலாளர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ கண்டுபிடித்துச் சொன்னது இது: மெலனோமா எவ்வளவு அகலம் என்பதைவிட எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. முதல் நிலையில் பிடிபட்டவர்களில் 98 விழுக்காட்டினரை ஐந்தாண்டுக்குள் அந்த நோய் கொல்வதில்லை. மூன்றாம் நிலையின் கடைசிப் பிரிவில் அது 32 விழுக்காடாக விழுகிறது. பெரும்பாலும் வெள்ளைத் தோல் நோயாளிகளின் கணக்கு இது. பாதத்து மெலனோமாவில் நிலைமை இன்னும் இறக்கம், அமெரிக்கக் கணக்கில் ஐந்தாண்டு பிழைத்தவர்கள் 80.3 விழுக்காடு, மற்ற மெலனோமாக்களையும் சேர்த்துப் பார்த்தால் 91.3. தாமதமாக வருவது இந்த இடைவெளிக்கு ஒரு முக்கியக் காரணம். புதிய நோயெதிர்ப்பு மருந்துகள் முற்றிய மெலனோமாவின் போக்கையே மாற்றியிருக்கின்றன, ஆனால் பாதத்து வகையில் அவை அவ்வளவு நன்றாக வேலை செய்வதில்லை. ஆகவே நமக்கு வரக்கூடிய வகையில், மருந்தைவிட முந்திப் பிடிப்பதே பெரிய ஆயுதம்.

எங்கே போவது? முதலில் பக்கத்து அரசாங்க கிளினிக். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிக் கட்டணம். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு தோல் மருத்துவரிடம் போகலாம். பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு ஜாலான் பகாங்கிலுள்ள கோலாலம்பூர் மருத்துவமனையும் லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் கிட்டத்தில் இருக்கின்றன. கிள்ளான் வட்டாரத்தாருக்குத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை. தனியார் மருத்துவரிடம் போவதென்றால் அவர் பெயர் தேசிய நிபுணர் பதிவேட்டில் தோல் மருத்துவராகப் பதிவாகியிருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிட்டுப் போகலாம். கடிதம் கேட்கும்போது 'மச்சம்' என்று மட்டும் சொல்லாமல், எப்போது வந்தது, எப்படி மாறியது, இரத்தம் வந்ததா என்று தேதியோடு சொல்லுங்கள். இரண்டு படம் கையில் இருந்தால் இன்னும் நல்லது. வரிசையில் முன்னே அழைக்க அதுவே காரணமாகும்.

குனிந்து தன் உள்ளங்காலைப் பார்ப்பது எழுபது வயதுக்காரருக்கு முடியாத காரியம். இனிப்பு நீரால் உணர்ச்சி மரத்துப்போன கால் என்றால் வலித்துக்கூடச் சொல்லாது. அதனால் வீட்டில் இருக்கும் இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒருநாள், அப்பா அம்மாவின், தாத்தா பாட்டியின் காலைத் தூக்கி வைத்து, நல்ல வெளிச்சத்தில் குதிகாலையும் விரல் இடுக்குகளையும் பத்து நகங்களையும் பாருங்கள். இரண்டு மாதமாக ஆறாத எதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கே எதை வெட்டி எடுத்தாலும், "இது லேபுக்குப் போகுமா?" என்று கேளுங்கள். போகும் என்றால் அறிக்கையின் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். போகாது என்றால் அங்கே எடுக்க வேண்டாம்.